எழுபத்தெட்டாம் நாள் காதுகுத்து

பன்னிரண்டு நாள். வெறும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. அதற்குள் என் மாமியார் கருப்பாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் நிதீஷைக் கிணத்துக்கடவு பக்கம் ஒரு குடிநோய் மையத்தில் சேர்த்திருந்தோம். குடித்துவிட்டு ஒருவர் மண்டையை உடைத்த வழக்கு ஏற்கெனவே நடக்கிறது. "தொண்ணூறு நாள் முழுசா முடிச்ச சர்டிபிகேட்டோட வாங்கம்மா, ஜட்ஜ் இரக்கம் காட்டலாம். இன்னொரு கேஸ் வந்துச்சுன்னா ஜெயில்தான்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். மையத்து ஆலோசகர் ஷைலாவும் படித்துப் படித்துச் சொன்னார். "முடிச்சுட்டுப் போறவங்கள்லயும் சிலர் சறுக்கறாங்க. ஆனா பாதியில போனவங்களைத்தான் நாங்க அதிகமா ஸ்டேஷன்ல போய்ப் பார்க்கறோமுங்க."

ஆனால் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மையம் என்றால் மானம் போய்விடும் என்று, சொந்தத்தில் எல்லாரிடமும் அவர் ஓசூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்தோம். ஓசூரில் இருக்கிற மாமன் காதுகுத்துக்கு வராமல் இருப்பானா?

தேதியைத் தள்ளிப் போடலாம் என்றேன். "பத்திரிகை குடுத்தாச்சு அம்மணி" என்றார் மாமியார். பெரியப்பா மகன் மடி இருக்கிறதே என்றேன். "மாமன் உசுரோட இருக்கறப்ப அடுத்தவன் மடியா?" சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டார்.

அன்னூரில் மண்டபம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழகாகத்தான் உட்கார்ந்திருந்தார் என் புருஷன். பிறகு கெடா விருந்து. மண்டபத்துக்குப் பின்னால் பங்காளிகள் டம்ளரோடு கூப்பிட்டார்கள். "அத்தனை தூரத்துல இருந்து வந்துபோட்டு, ஒரு வாய் போடாமப் போவியா?" அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு ஓசூர்தானே தெரியும்.

மூன்று மணிக்கு, குழம்பு ஊற்ற வந்தவரைக் கரண்டியைப் பிடுங்கி அடித்தார். அடி வாங்கியவருக்குக் கை முறிந்தது. போலீஸ் வந்தது.

ஸ்டேஷனில் மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார். "ஜாமீன்ல எடுத்துபோட்டு, அந்தப் பன்னெண்டு நாளை முடிச்சுரலாமில்ல கண்ணு?"

நான் விடவில்லை. "முதல் நாள்ல இருந்து ஆரம்பிக்கோணுங்க அத்தை. அதுவும் ஜெயில்ல இருந்து வந்தா. உங்க கௌரவம் இப்பக் குளுந்துச்சுங்களா?"

பெஞ்சில் போதை இறங்கி உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கினார். "அம்மாவ ஏன் பேசற? நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். கிளம்பறதுக்கு முன்னால உனக்குப் போன் பண்ணிக் கேட்டேனில்ல."

கேட்டார். வாதாடி ஓய்ந்து, பட்டுச்சேலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார். 'வராட்டி நாலு பேருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது, வந்துட்டுப் போயிருங்க மாமா' என்று சொன்னது நான்தான்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.