பாதி வாக்கியம்

ரயில் வருவதற்குள் பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து செக்கருக்குக் கால் கடுத்துவிட்டது. சட்டைக் கம்பெனியில் காலர் பிசிறும் தையல் கோணலும் பார்த்துப் பார்த்து செக்கர் என்ற வேலைப் பெயரே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. நேற்று அண்ணன் போன் செய்திருந்தான். "நாங்க இன்னும் தூரமா ஊர் மாறிப் போறோம். உங்க ஸ்டேஷன்ல வண்டி கொஞ்ச நேரம் நிக்கும். முடிஞ்சா வா." அண்ணி வரச் சொன்னாங்களா என்று கேட்டாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை வேறென்ன சொல்வான்? "அவ ஒண்ணும் சொல்லலை. வேணாம்னும் சொல்லலை."

அண்ணியோடு பேசி வருஷக்கணக்காகிறது. சண்டையென்று பார்த்தால் ஒரு சண்டையும் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல். இன்றும் பேசாமல் வண்டி போய்விட்டால் இனி ஜென்மத்துக்கும் பேச்சில்லை என்று செக்கருக்குத் தெரியும். அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறாள்.

ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கம்பெனி. சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். ஷிப்ட் முடிந்ததும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். முதல் படியைத் தட்டுத்தடுமாறித் தாண்டி இரண்டாம் படிக்கு வந்தபோது வாத்தியார் ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுத்தார். இது நடந்தால் அது நடக்கும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அடுத்தவர் அந்த 'அது'வைப் பிடித்துக்கொண்டு தன் வாக்கியத்தைத் தொடங்க வேண்டும். "நிஜமா நடக்கக்கூடியதை மட்டும் சொல்லுங்கம்மா. நடக்காததுக்கு வேற வாக்கியம் இருக்கு, அது மூணாம் படி" என்பார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மற்றவர்கள் அதை வகுப்போடு விட்டார்கள். இவர்கள் வீட்டுக்கே இழுத்து வந்தார்கள். பஸ் ஸ்டாப்பிலேயே தொடங்கிவிடும். "இஃப் த பஸ் இஸ் லேட், வி வில் வாக்" என்பாள் அண்ணி. "இஃப் வி வாக், மை லெக் வில் பெயின்" என்பாள் இவள். "இஃப் யுவர் லெக் பெயின்ஸ், யுவர் பிரதர் வில் குக்!" அண்ணன் சமைப்பதை நினைத்து இருவரும் சிரிக்கிற சிரிப்பில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பதில் தெரியாமல் முழித்தவள் அன்றைக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்தியின் முறை வந்துவிட்டால், அவள் சொல்கிறவரை மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணி இதில் படு கறார். ஒருநாள் இவளுக்கு விடியும்வரை பதில் தோன்றவில்லை. காலையில் காப்பி டம்ளரைக்கூட அண்ணி விரலைக் காட்டி "உன் முறை" என்று சைகை செய்துதான் நீட்டினாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

அண்ணனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பியதும் இதே பிளாட்பாரத்திலிருந்துதான். வண்டி நகரும்போது அண்ணி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு கத்தினாள். "இஃப் வி கெட் எ பிக் ஹவுஸ், ஐ வில் கால் யூ!" இவள் கையை மட்டும் ஆட்டினாள். பிறகு அவர்கள் பெரிய வீட்டுக்குக் குடிபோனதுகூட அண்ணன் வாயால்தான் தெரிந்தது. கூப்பிடுகிறேன் என்றவள் கூப்பிடவில்லை. நாம் வேண்டாதவளாகிவிட்டோம் என்று இவளும் மனசை இறுக்கிக்கொண்டாள். மூன்றாம் படி வகுப்புக்கும் போகவில்லை. பக்கத்தில் அண்ணி இல்லாத பெஞ்சில் போய் யார் உட்காருவது?

வண்டி வந்து நின்றது. அண்ணன் இறங்கி, தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று நைசாக நழுவினான். ஜன்னலோரம் அண்ணி இருந்தாள். நெற்றியோரம் முழுக்க நரைத்துவிட்டது. இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடறேன்னு சொன்னீங்களே அண்ணி. ஏன் கூப்பிடலை?"

அண்ணி வாயைத் திறக்கவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி, கம்பிக்கு இடையில் ஒரு விரலை இவள் பக்கம் நீட்டினாள்.

காப்பி டம்ளரோடு நீட்டிய அதே விரல். செக்கருக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியாகச் சொன்னது அண்ணி. பதில் சொல்லாமல் கையாட்டியது இவள். அடிப்பாவி! அவள் கூப்பிடுவாள் என்று இவள் காத்திருந்த காலமெல்லாம், இவள் பதிலுக்கு அவள் காத்திருந்திருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டியது.

விசில் ஊதினார்கள்.

"இஃப் யூ கால் மீ..." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இஃப் யூ கால் மீ, ஐ வில் கம்."

"இதைச் சொல்ல இத்தனை வருஷமாடி உனக்கு?" அண்ணி அழுதுவிட்டாள். "பதிலே வரலை. உனக்கு வர இஷ்டமில்லைன்னு நெனச்சுட்டேன்டி."

அண்ணன் பாட்டிலோடு ஓடிவந்து ஏறிக்கொண்டான். வண்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவள் முறை.

"இஃப் யூ கம்..." என்று தொடங்கியவள், மீதியைச் சொல்லாமல், பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

செக்கர் கம்பியை விட்டுவிட்டு வண்டியோடு நடந்தாள். பெட்டியின் திறந்த கதவு பின்னாலிருந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.