ஆளுக்கொரு ஓம்

கண்டக்குழிக் கரையில், காலை ஆறரை மணிக்கு, அருமைராசா தன் மனைவிக்கு உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். செம்மஞ்சள் அங்கியின் பட்டி சேலையில் சிக்கி, இழுத்தால் சேலையும் சேர்ந்து வந்தது. முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் தாலியைத் தவிர வேறெதையும் அவர் அவளுக்குத் தன் கையால் மாட்டிவிட்டதில்லை.

"மூச்ச இழுத்துப் பிடி, றோசா."

"பிடிச்சுப் பிடிச்சு மயக்கம் வருது. விடுங்க, நானே போடுறன்."

படகுக்காரன் நஸீரும் அவன் மனைவி லெய்லாவும் தண்ணீரில் முழங்கால் நனைய நின்று படகைப் பிடித்தபடி சிரித்தார்கள். கிறிஸ்மஸ் முடிந்து இரண்டு நாள். கடல் எண்ணெய் பூசினாற்போல அசையாமல் கிடந்தது.

கணவன் மனைவி இருவருக்கும் வாழ்க்கையில் இதுதான் முதல் விடுமுறைப் பயணம். மட்டக்களப்பில் அவர் கணித ஆசிரியராகத் தொடங்கி அதிபராக ஓய்வுபெற்றவர். அவள் முப்பது வருடம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாக இருந்தவள். அந்த வருடங்களில் அவர்கள் போன பயணமெல்லாம் ஒன்றில் சபைக் கூட்டத்துக்கு, அல்லது சண்டைக்குப் பயந்து. யுத்தம் முடிந்தது. மகள் டிலானி ரொறன்ரோவுக்கும் மகன் மெல்பேணுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் நாலு அறையும் இரண்டு பேருமாக இருந்தபோது சபையிலிருந்து கேட்டார்கள்: நுரைச்சோலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தேவாலயம் பூட்டிக் கிடக்கிறது, ஒன்றரை வருடம் போய் ஊழியம் செய்ய முடியுமா?

வந்தார்கள். கதவைத் திறந்தபோது உள்ளே வௌவால்தான் சபையாக இருந்தது. நாலு குடும்பம் மெல்ல மெல்லப் பதினொன்று ஆயிற்று. அதைவிட வேகமாகப் பெருகியது பின்னேரக் கணக்கு வகுப்பு. தொப்பி போட்ட பையன்களும் முக்காடிட்ட பிள்ளைகளும் மதரஸா முடிந்த கையோடு தேவாலய விறாந்தையில் வந்து குந்தினார்கள். அருமைராசா பாஸ்டர் யாரையும் மதம் மாறச் சொல்ல மாட்டார், வகுத்தலில் மிச்சத்தை எழுதத்தான் சொல்வார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. பின்பக்கத்தில் கர்ப்பிணிகள், ஊர் 'மிஸ்ஸி' என்று கூப்பிட்ட றோசாவிடம் பிறஷர் பார்க்க வரிசையாக இருப்பார்கள். லெய்லாவின் கடைசிப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் றோசா அவர்கள் வீட்டிலேயே கிடந்தாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடு வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு பொட்டு விழுந்து, அது வழியாகக் கறிச்சட்டி போவதும் வருவதுமாக இருந்தது.

தை மாதத்தோடு ஒன்றரை வருடம் முடிகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கார்த்திகையில் ஒரு நாள் சபைத் தலைவர் அருமைராசாவைத் தொலைபேசியில் அழைத்து, இன்னும் இரண்டு வருடம் இருக்க முடியுமா என்று கேட்டார். மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது "ஓம்". அதே வாரம், ஏழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து இப்போது கர்ப்பமாயிருக்கும் டிலானி தாயிடம் கேட்டாள்: "பங்குனியில பிள்ள பிறக்கக்குள்ள நீங்க என்னோட நிப்பீங்கதானேம்மா?" றோசாவும் அவரிடம் கேட்காமலே "ஓம்" என்றாள்.

ஆளுக்கொரு ஓம் சொல்லிவிட்டு இருவரும் ஒரு மாதமாக ஒரே வீட்டில் ஒளித்துத் திரிந்தார்கள். எப்படியாவது இவளைச் சந்தோசப்படுத்திவிட்டுச் சொல்லலாம் என்று அவர் நினைத்தார். அவள் நினைத்ததும் அதுவேதான். "விடுமுறைக்கு எங்கயாச்சும் போவமா?" என்று அவர் கேட்டபோது, அதையே கேட்க வாய் திறந்திருந்த அவள் திகைத்துப்போனாள். அவர் தன் இரகசியத்தை நஸீரிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் லெய்லாவிடம் மட்டும். நஸீரும் லெய்லாவும் அன்று பின்னேரத் தேநீரிலேயே இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டார்கள். "நாமளா வாயத் தொறக்கப்படாது" என்று லெய்லா கணவனிடம் சத்தியம் வாங்கினாள். ஆனால் ஓங்கில் என்னும் டொல்பின்களைப் பார்க்கப் போகும் இந்தப் பயணத்தைத் தவறவிடவும் அவளுக்கு மனமில்லை. பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டுத் தானும் வந்துவிட்டாள்.

புறப்படுமுன் வழமைபோல ஜெபம். அருமைராசா கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்களை நட்ட இடத்திலேயே இன்னும் சில காலம் வேரூன்றச் செய்யும்" என்றார். அவர் ஆமென் சொல்லுமுன் றோசா தொடர்ந்தாள்: "தூரதேசத்தில இருக்கிற பிள்ளைகளிட்டப் போறவங்களப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஆண்டவரே." இருவரும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். லெய்லா அவசரமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படகு மேற்கே போகப் போக, அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி கரையில் ஒரு பென்சிலாகக் குறுகியது. அருமைராசா ஒரு பொட்டலத்தைப் பிரித்து, புத்தளம் கடையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த மஸ்கற் இனிப்பை மனைவியிடம் நீட்டினார். அவள் தன் பைக்குள்ளிருந்து அவருக்குப் பிடித்த எள்ளுருண்டையை எடுத்தாள். இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது.

பாஸ்டருக்குக் கதையை எடுத்துக் கொடுக்க நினைத்தானோ என்னவோ, நஸீர் எஞ்சின் சத்தத்துக்கு மேலால் சொன்னான். "தொண்ணூறுல ஊர உட்டுப் போகச் சொன்னப்ப மன்னார் பக்கமிருந்து நாங்களும் இப்பிடிப் போட்லதான் வந்த, மிஸ்ஸி. எனக்குப் பன்னெண்டு வயசு. ரெண்டு கெழமையில திரும்பிருவம் எண்டு உம்மா கோழிக்கு நெல்லுப் போட்டுட்டு வந்தாங்க. இப்ப இருவத்தேழு வருசம். ஊருக்குப் போய் ரெண்டு நாள் நிண்டா, எப்படா ஊட்டுக்கு வாறதெண்டு இந்தப் பக்கத்து நெனவுதான் வருது."

அருமைராசா தொண்டையைச் செருமினார். "அதத்தான் றோசா, நானும் சொல்ல..."

றோசாவின் கைத்தொலைபேசி அடித்தது. நஸீர் எஞ்சினை நிறுத்தினான். திரையில் டிலானி, பின்னால் ரொறன்ரோவின் இரவு விளக்கு.

"அம்மா, டிக்கெட் போட்டாச்சு! மார்ச் நாலாந் திகதி. தனிய வாறீங்கெண்டு சொல்லி, இடையில இறங்கி ஏற ஆள் உதவியும் கேட்டிருக்கு. அப்பாட்டச் சொல்லிற்றீங்கதானே?"

எஞ்சின் நின்ற கடலில் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்பா பக்கத்திலதான் இரிக்கார் மகள்" என்றாள் றோசா.

"ஐயோ" என்றது ரொறன்ரோ. படம் அணைந்தது.

"என்ன டிக்கெட்?" என்றார் அருமைராசா. "எத்தின நாளைக்கு?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசமா! நான் இஞ்ச ரெண்டு வருசத்துக்கு ஓம் எண்டு சொல்லிற்று இரிக்கன், நீ..." சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"எத்தின வருசம்?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். லெய்லா முக்காட்டை வாய்க்குள் திணித்துக்கொண்டும் தோள் குலுங்குவதை மறைக்க முடியவில்லை. நஸீர் நன்றாயிருந்த எஞ்சினின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.

"என்னக் கேக்காம ஓம் சொல்லிற்றீங்க."

"நீ மட்டும் என்னக் கேட்டியா?"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆனால் படகு சின்னது. முதுகும் முதுகும் முட்டிக்கொண்டன. றோசா தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"டிலானி நான் எட்டு வருசம் பார்த்திருந்து பெத்த பிள்ள. அவள் பிறந்த அண்டைக்குச் சண்டையில பாதை பூட்டு. வாழைச்சேனையில இருந்து அம்மாவால வரேலாமப் போச்சு. நீங்களும் ஆமிச் சென்றிக்கு அங்கால மாட்டுப்பட்டுப் போனீங்க. ஊருக்கெல்லாம் பிள்ளை எடுத்துக் குடுத்தவள், எனக்கு வலி வரக்குள்ள பிடிக்க ஒரு கை இல்ல. இப்ப அவள் கேக்காள், நிப்பீங்களா எண்டு. நான் என்னெண்டு இல்லயெண்டு சொல்லுற?"

அவருக்கு அந்த நாள் மறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாளே தவிர, ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் இன்றுதான் சொல்கிறாள்.

"போயிற்று வா" என்றார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போலத் தாழ்ந்த குரலில், "நான் இஞ்ச சந்தோசமா இரிக்கன், றோசா. அதுதான் கேக்கப் பயந்த" என்றார்.

"எனக்குத் தெரியாதா? வகுப்பு முடிஞ்சு பாட்டுப் பாடிக்கிட்டு வாறீங்க. அத்தின வருசம் பள்ளிக்கூடத்தால வந்தீங்களே, ஒரு நாள் பாடினீங்களா?"

"ஓங்கில்!" என்று கத்தினான் நஸீர்.

முதலில் ஒரு கறுத்த முதுகு. பிறகு பத்து. பிறகு கடல் முழுவதும் கொதிப்பதுபோல ஓங்கில்கள் எழும்பின. ஒன்று தண்ணீரை விட்டு முழுதாக மேலே வந்து, காற்றில் பம்பரமாகச் சுழன்று, பொத்தென்று விழுந்து எல்லாரையும் நனைத்தது. அருமைராசா எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார். றோசா அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். படகோடு ஒட்டி ஒரு தாயும், அதன் விலாவோடு விலாவாக ஒரு குட்டியும் நீந்தின.

"பாருங்க, பாருங்க! பிறந்து ஒரு மாசம் கூட இராது. தோலில மடிப்பு இன்னும் போகல்ல!" மருத்துவமாதுவின் குரலில் சொன்னவள், அடுத்த நொடி சின்னப் பிள்ளையாகக் கை தட்டினாள். லெய்லாவும் தட்டினாள். அருமைராசா தொப்பியைக் கழற்றி வீசி ஆட்டியபடி எழுந்து நிற்கப் போக, நஸீர் அவருடைய காற்சட்டை வாரைப் பிடித்து இழுத்து இருத்தினான்.

திரும்பி வரும்போது அவர் கேட்டார், "மறுகா வருவியா?"

"வராம? ரெண்டு வருசத்தில ஆறு மாசம் போனா மிச்சம் எவ்வளவு? நீங்கதானே கணக்கு வாத்தி."

"பாஸ்டரப் பத்திக் கவலப்படாதீங்க, மிஸ்ஸி" என்றாள் லெய்லா. "சோறாக்கப் பழக்கித் தாறன்."

"ஆக்கித் தாறன் எண்டு சொல்லல்லயா, பிள்ள?" என்று அருமைராசா கேட்டார்.

"இல்ல பாஸ்டர். பழக்கித் தாறன்."

கரையில் இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பண்டிகை முடிந்து பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை போல, கயிறு நகரவேயில்லை. வரிசையின் முன்னால் நின்ற பிரான்சிஸ்கா என்ற பெண் இவர்களைப் பார்த்து, "ஐயா, அக்கா, ஒரு கை பிடிங்களேன்!" என்று கூவினாள்.

நஸீர் வேண்டாமென்று சொல்லுமுன் றோசா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவிட்டாள். அருமைராசா அவளுக்குப் பின்னால் போய் நின்றார். ஈரக் கயிறு முதலில் வழுக்கியது. பிறகு, எல்லாரும் ஏலேலோ சொல்லிக் குதிகாலை மணலில் ஊன்றியபோது, அது இறுகி, ஒரு சாண் வந்தது. பிறகு இன்னொரு சாண். வலை எங்கேயோ ஆழத்தில் இருந்தது. கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. அது இருக்கும் இடத்துக்கு மேலே கடற்புறாக்கள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து கூடி, வெள்ளையாகச் சுற்றத் தொடங்கியிருந்தன.