முனிக்கு வைத்த மாதுளை

தம்புசாமி மாதுளைகளைச் சுத்தம் செய்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

அவர் விற்பனைக்கு இறக்கியது, இந்தியாவிலிருந்து ஒரு கொள்கலன் பழம். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில், அவருடைய குளிர்க்கிடங்கில் பன்னிரண்டு பேர் நான்கு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பழத்தின் கிரீடத்திலும் பல் பிரஷ் விட்டுத் தேய்த்தார்கள். வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் போனது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சுகள் மட்டும் தங்கின.

சிந்துஜாவுக்குத் தெரிந்தன. அவளிடம் லென்ஸ் இருந்தது. அரசாங்க ஆய்வகத்தில் பூச்சிக்குப் பெயர் சொல்வது அவள் வேலை.

"மாவுப்பூச்சி, அங்கிள்." கிடங்குக்குச் சீல் வைக்கச் சொன்னாள்.

"என்னா பூச்சின்னு எழுதிட்டு விட்டுரு லா."

"குஞ்ச வச்சி பேர் சொல்ல முடியாது. வளந்த பொம்பள வேணும்."

"ஆம்பள?"

"அதுக்கு றெக்க இருக்கும், வாய் இருக்காது. ஒன்னுக்கும் ஒதவாது."

"என் மருமகனுக்கு வாய் மட்டும்தான் இருக்கு. அவனும் ஒதவல."

"பேர் தெரியலன்னா புதுப் பூச்சின்னு வச்சிக்குவோம். எல்லாத்தையும் எரிச்சிருவாங்க. இங்க ஏற்கெனவே இருக்கற பூச்சின்னா பொக போட்டுக் கொன்னுட்டு பழத்த விட்டுரலாம். வெள்ளிக்கெழம ரிப்போர்ட் போவணும்."

இருபது வருடமாகப் பழத்தில் பூச்சியே இல்லை என்று சத்தியம் செய்து வந்தவர் முட்டி போட்டு, பெட்டி பெட்டியாக ஒரு கொழுத்த பெண் பூச்சியைத் தேடினார். கிடைக்கவில்லை. பையன்கள் ஒழுங்காக வேலை செய்திருந்தார்கள்.

கிளம்பும்போது சிந்துஜா மூலையைப் பார்த்தாள். முனீஸ்வரன் மேடை. சுருட்டு, ஒரு டின் ஸ்டவுட் பீர், ஒரு மாதுளை.

"அது?"

"கொள்கலன் தொறந்ததும் மொதப் பழம் முனிக்கு. எப்பவும் அப்படித்தான்."

"தேய்ச்சீங்களா?"

"சாமி பழத்துல எவன் பிரஷ் விடுவான்?"

அவள் கை நீட்டினாள். அவர் குறுக்கே வந்தார்.

"வெள்ளிக்கெழம பூச வரைக்கும் தொடக்கூடாது. முனி கோவக்காரரு."

"அன்னிக்குத்தான் அங்கிள் ஒங்க பழத்துக்கு நெருப்பு."

தம்புசாமி யோசித்தார். இன்னொரு ஸ்டவுட்டைத் திறந்து வைத்தார்.

"எடுத்துக்க. யாரு எடுத்தான்னு கேட்டா ஒன் பேரத்தான் சொல்லுவேன்."

கிரீடத்துக்குள் வெள்ளைப் பஞ்சு. பஞ்சுக்குள் மூன்று பெண்கள். தம்புசாமி கையெடுத்துக் கும்பிட்டார். முனியையா பூச்சியையா என்று சிந்துஜா கேட்கவில்லை.

ஆய்வகத்தில் பூச்சிகளைக் காரக் கரைசலில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பரப்பினாள். உடலோரத்து முள் கொத்துகளை எண்ணினாள். பதினெட்டு ஜோடி. மற்ற அடையாளங்களையும் சரிபார்த்துவிட்டு, வியாழன் மாலை போன் செய்தாள்.

"நம்ம ஊர்ல இருக்கற பூச்சிதான், அங்கிள். ரொம்ப காலமா இங்கதான் இருக்கு."

"அப்ப அதுக்கு நீல ஐசி. இந்த நாட்டுக் குடிமகன்."

"அப்படித்தான் வச்சிக்கங்களேன்."

"எங்கப்பா கேரி தீவுத் தோட்டத்துல அம்பது வருசம் செம்பனக் கொல வெட்டுனாரு. சாவுற வரைக்கும் சிவப்பு ஐசிதான். குடியுரிம வரல."

சிந்துஜா ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு பொக போட வருவாங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை பூசைக்குத் தம்புசாமி முனிக்கு வேறு பழம் வைத்தார். பெட்டிகளில் தேடி, இருந்ததிலேயே அழுக்கானதாக எடுத்தார்.