மெரிட்டின் எட்டுத் துப்பாக்கிகள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிநேகிதன் மெரிட்டின் வண்டி வாசலில் வந்து நின்றதுமே, எதற்கு வந்திருக்கிறான் என்று ஆர்வினுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. அமெரிக்காவின் மான்டானாவில் அன்றைக்குத் துப்பாக்கி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளையை நாய்கூட மதிக்காது. மெரிட்டின் எட்டுத் துப்பாக்கிகளோ, ஏழு மாதமாக ஆர்வின் வீட்டு இரும்பு அலமாரியில் கிடந்தன.

ஜனவரியில் மெரிட்டின் மனைவி லோரெய்ன் இறந்துபோனாள். மார்ச்சில் அவன் தன் வேட்டை நாயை யாருக்கோ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டான். அதைக் கேள்விப்பட்ட ஆர்வினின் மனைவி பெவ், இன்றைக்கே போய் அவனுடைய துப்பாக்கிகளை எல்லாம் எடுத்து வந்துவிடுங்கள் என்று விரட்டினாள். துக்கத்தில் இருப்பவனிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைக்க அந்த ஊரில் ஒரு முறை உண்டு. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உன் வீட்டுத் தரை ஈரம், துருப்பிடித்துவிடும், கொஞ்ச நாள் என்னிடம் இருக்கட்டும் என்பார்கள். கொடுப்பவனும், ஆமாம், ஈரம்தான் என்பான். ஆர்வின் அப்படித்தான் சொன்னான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில், வண்டி இருக்கைக்குப் பின்னால் எல்லாம் தேடி எட்டையும் எடுத்து வந்தான்.

போன மாதம் தீயணைப்பு நிலையத்தில் ஊர்க்கூட்டம். மனம் சரியில்லாதவனிடமிருந்து துப்பாக்கியை நீதிமன்றமே வாங்கி வைக்கலாம் என்று ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு. ஆர்வின் எழுந்து, நம்ம ஆட்களை நாமே பார்த்துக்கொள்வோம், ஊர் பேர் தெரியாத ஜட்ஜ் எதற்கு என்று முழங்கினான். கைதட்டல் காதைப் பிளந்தது. வாய்ச்சவடாலுக்கு என்ன, காசா பணமா? பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் இப்போது வாசலில் நிற்கிறான்.

அதுவும் முகத்தை மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நின்றான். ஏழு மாதமாகத் தாடியும் அழுக்குமாகத் திரிந்தவன் அவன். அந்தச் சிரிப்புதான் ஆர்வினைப் பயமுறுத்தியது.

"தரை காஞ்சிருச்சுடா," என்றான் மெரிட். "ஒரு ரைஃபிள் மட்டும் குடு. போதும்."

ஆர்வின் சுற்றி வளைத்தான். விடிகாலையில் இருவரும் சேர்ந்தே போகலாம், ரைஃபிளை நானே கொண்டுவருகிறேன் என்றான். இந்த வருஷம் தனியாகப் போகப்போகிறேன் என்றான் மெரிட். சமையலறையில் பெவ் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அந்தப் பகுதிப் போலீஸ் தலைவரான ஷெரிஃபிடம் ஆர்வின் முன்பே கேட்டாகிவிட்டது. அது அவன் சொத்து, கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், மறுத்தால் கேஸ் உன் மேல்தான் என்று சொல்லிவிட்டார். வேட்டைக்கு முந்தின நாள் ஒருவனிடம் அவன் துப்பாக்கியைத் தர மாட்டேன் என்பது, நீ பைத்தியம் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். நாற்பது வருஷச் சிநேகிதம் அதோடு போச்சு. ஆர்வினின் கால் தானாகவே அலமாரிப் பக்கம் திரும்பியது. இரண்டு எட்டு வைத்து நின்றான்.

"குடுக்க மாட்டேன்."

"என்னோட பொருள்டா அது."

"உன்னோடதுதான். போ, ஷெரிஃப்கிட்டப் போய்ச் சொல்லு. தரை ஈரம்னு நான் சொன்னது பொய். நீ செத்துருவியோன்னு பயந்துதான் எடுத்துட்டு வந்தேன். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகலடா."

சொன்ன மாத்திரத்தில் ஆர்வினுக்கு உடம்பெல்லாம் கூசியது. மெரிட்டின் சிரிப்பு போய்விட்டது. அடிக்கப்போகிறான் என்றுதான் ஆர்வின் நினைத்தான். மெரிட் அடிக்கவில்லை. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தான்.

"எட்டைத் தூக்கிட்டுப் போனியே, கொட்டகைக் கதவுக்குப் பின்னால ஆணியில தொங்குதே, அதை ஏன்டா விட்டே?"

கோழியைத் தூக்க வரும் நரியைச் சுடுவதற்கென்று எல்லாக் கொட்டகையிலும் பழைய துப்பாக்கி ஒன்று தொங்கும். ஆர்வின் கொட்டகையிலும் தொங்குகிறது. அதை அங்கே யாரும் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்வெட்டி மாதிரி, சுத்தியல் மாதிரி அதுவும் ஒரு சாமான். இந்த ஏழு மாதத்தில் மெரிட்டின் கன்றுகளுக்கு வைக்கோல் போட ஆர்வினே அந்தக் கதவை எத்தனை முறை திறந்து மூடியிருப்பான்! கண் பார்த்தது, புத்தியில் ஏறவில்லை.

"தினமும் போய் அதுக்கு முன்னாடி நின்னுட்டு வர்றேன்," என்றான் மெரிட். "இன்னைக்கு உன்னைக் கேட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. நீயும் சரின்னு எடுத்துக் குடுத்திருந்தா, நான் இருந்தா என்ன, செத்தா என்ன, யாருக்கும் ஒண்ணுமில்லன்னு நெனச்சிருப்பேன்."

ஆர்வின் நேராகப் போய் மெரிட்டின் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். உன் கொட்டகைக்குப் போய் அதையும் எடுத்து வரலாம், வண்டிச் சாவியைக் கொடு என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். மெரிட் படியை விட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. அதுவரை ஆர்வின் நீட்டிய கையை மடக்கவில்லை.