வகுப்பாசிரியரும் உள்ளே வர வேண்டும்

திங்கட்கிழமை காலை மணியடிப்பதற்கு முன்பே கெரின் டூலி நூலகக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டாள். கொட்டை எழுத்தில் ஒரே வரி: 'பிள்ளைகளோடு வகுப்பாசிரியரும் உள்ளே வர வேண்டும்.' முதலில் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்துத்தான் எழுதியிருந்தாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தாள். பத்தொன்பது வருஷமாகத் தயவுசெய்து, தயவுசெய்து என்று கெஞ்சி நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

ஆற்றங்கரைச் சிற்றூரான கொரவாங்கின் அரசுத் தொடக்கப்பள்ளியில் அவள் ஆசிரியர்-நூலகர். அதாவது, நூலகப் படிப்பும் படித்த ஆசிரியை. வகுப்பாசிரியரும் அவளும் உட்கார்ந்து பேசி, ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, சேர்ந்து நடத்த வேண்டும். அதற்காகவே உண்டான வேலை அது. காகிதத்தில் அப்படி. நடப்பில் என்ன? நோட்டுத் திருத்தவும் பாடம் தயார் செய்யவும் ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் பிள்ளைகளை எங்கே தள்ளுவது? நூலகத்தில் தள்ளு. வரிசையாகக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு, காப்பிக் கோப்பையும் கையுமாக ஆசிரியர் நடையைக் கட்டிவிடுவார். அப்புறம் அவள் யாரோடு சேர்ந்து பாடம் நடத்துவது, கதவோடா?

இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளை வெள்ளிக்கிழமை கிளப்பிவிட்டவள் தலைமையாசிரியை கிளெண்டா பர்செல்.

"அடுத்த வருஷம் நூலகத்துக்கு ஒரு கிளார்க் போதும்னு நினைக்கிறேன் கெரின்" என்றாள், பிஸ்கட் தட்டை இந்தப் பக்கம் நகர்த்தியபடி. "புத்தகம் குடுக்கணும், திரும்ப வாங்கி அடுக்கணும், அவ்வளவுதானே. பசங்களுக்கு வேணும்கிறது எல்லாம் கையில இருக்கற டேப்லெட்லயே கெடைக்குது. உன்னை மூணாம் வகுப்புக்குப் போட்டுடலாம்."

"அவ்வளவுதானேன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பத்தொன்பது வருஷமா நீ பண்றதைப் பாத்துட்டுதான் சொல்றேன்."

அதில் பாதி உண்மை இருந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது. அடுத்த ஆண்டுக்கான பணியாளர் பட்டியல் வருகிற வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் கல்வித் துறைக்குப் போக வேண்டும். போய்விட்டால் இந்தப் பள்ளியில் ஆசிரியர்-நூலகர் என்று ஒருவர் இருக்கப்போவதில்லை. கெரின் பிஸ்கட்டைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை ஐந்தாம் வகுப்பு. இருபத்தாறு பிள்ளைகளோடு வந்தான் டேமியன் ஸ்கல்லி. முப்பது வயதுகூட ஆகவில்லை. நல்ல பையன்தான், ஆனால் ஓடிக்கொண்டே இருப்பவன். கோப்பையை உறிஞ்சிக்கொண்டே கதவைப் பார்த்தான்.

"என்ன இது புதுசா?"

"படிக்கத் தெரியும்ல உனக்கு? படி."

"கெரின், இது என் ஓய்வு நேரம். எனக்குச் சேர வேண்டியது. ஆசிரியர் சங்கம் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தது."

"உன் ஓய்வு உனக்கு வேணும்தான். நான் இல்லேங்கலையே. அதை என் தலையில கட்டாதீங்கன்னுதான் சொல்றேன். கிளெண்டாகிட்டப் போய் வேற நேரம் கேளு, வேற ஆள் கேளு. நூலகப் பாடம்னா ரெண்டு பேரும் இருக்கணும்."

"உள்ள வரலேன்னா?"

"வெயில்ல நில்லு. பசங்க எல்லாரும் தொப்பி போட்டிருக்காங்க. நீதான் போடல."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டேமியன் முகம் சிவந்துபோய் உள்ளே வந்தான். வந்தவன் கடைசி மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, திருத்த வேண்டிய கட்டுரைக் கட்டைத் தொப்பென்று போட்டான். கோபத்தை அந்தக் கட்டு காட்டியது. ஆனாலும் உள்ளே வந்துவிட்டான் அல்லவா, கெரினுக்கு அது போதும்.

அந்தக் கட்டுரைகள் ஊர் வெள்ளத்தைப் பற்றியவை. கொரவாங்கில் ஐந்தாம் வகுப்பு என்றால் வருஷா வருஷம் அந்த வெள்ளத்தைப் பற்றி எழுதியாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஆறு கரையுடைத்து, பாலத்தைக் கொண்டுபோன வெள்ளம். கதை வாசித்துக்கொண்டே மேசைகளுக்கு நடுவே நடந்த கெரின், டேமியனின் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாள். 'நான்கு நாள் தண்ணீர் நின்றது. பதினான்கு பேர் இறந்தார்கள்.' சரி என்று குறி. அடுத்த தாளிலும் பதினான்கு பேர், சரி. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒரே ஒரு தாளில் மட்டும் நான்கு பேர் என்று இருந்தது. அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

அந்தத் தாள் பிரைடி கூன் என்ற பெண்ணுடையது. தானாக வாய் திறக்கும் பிள்ளை இல்லை, கேட்டால்தான் பேசுவாள். கெரின் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

"நாலு பேர்னு எங்க பாத்தம்மா?"

"பாலத்துக்கிட்ட வெள்ளத்துல செத்தவங்க பேரு போட்ட கல்லு இருக்குல்ல மிஸ். நான் பஸ் ஏறுற இடம். தினம் பாக்கறேன். நாலு பேருதான் இருக்கு. பதினாலு பேரு செத்தா பதினாலு பேரு போட்டிருப்பாங்கல்ல?"

"இதை மிஸ்டர் ஸ்கல்லிகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். டேப்லெட்ல பதினாலுன்னு இருக்கு பாருன்னாரு."

கெரினுக்கு முதலில் வந்தது சந்தோஷம், மறைப்பானேன். கிளெண்டாவின் மூஞ்சிக்கு நேராக நீட்ட இதைவிட என்ன வேண்டும்? இருபத்தைந்து பிள்ளைகள் திரையைப் பார்த்துத் தப்பாக எழுதிச் சரி வாங்கினார்கள், ஒருத்தி கண்ணால் பார்த்ததை எழுதித் தப்பு வாங்கினாள். ஆனால் அடுத்த நிமிஷமே ஒன்று உறைத்தது. அந்தப் பதினான்கை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

பிள்ளைகள் போனதும் பின்னறை அலமாரியைத் திறந்து, பழைய கண்காட்சி அட்டைகளை இழுத்தாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு அவளே தயாரித்து நூலகச் சுவரில் மாட்டிய அட்டை அதில் இருந்தது. 'நான்கு நாள் தண்ணீர் நின்றது. பதினான்கு பேர் இறந்தார்கள்.' அதற்கு ஆதாரமாக வைத்திருந்த செய்தித்தாள் நறுக்கு அதே உறைக்குள் மஞ்சளேறிக் கிடந்தது. தண்ணீர் நின்றது பதினான்கு நாள். இறந்தவர்கள் நான்கு பேர். அவசரத்தில் இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறாள். எழுதியவள் அவள்தான், வேறு யாருமில்லை.

அந்தப் பதினான்கு அட்டையிலிருந்து பள்ளியின் இணையப் பக்கத்துக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஊரின் இணையப் பக்கத்துக்கு. இப்போது எந்தத் திரையில் கேட்டாலும் பதினான்கு என்றே பதில் வருகிறது. பன்னிரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூடுதலாகக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷ வேலையில் எந்த வகுப்போடும் உட்கார்ந்து அந்தக் கட்டுரைகளை அவள் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் முதல் வருஷமே பிடித்திருப்பாள்.

அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? கெரின் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அட்டையையும் நறுக்கையும் எடுத்துக்கொண்டு நேராக ஐந்தாம் வகுப்புக்குப் போனாள்.

டேமியன் இரண்டையும் வைத்து மாறி மாறிப் படித்தான். நாற்காலியில் சாய்ந்தான்.

"சரியா எழுதுன ஒரே புள்ளைக்குத் தப்பு போட்டிருக்கேன்."

"நீ போட்டது இன்னிக்கு. நான் போட்டது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி."

"இதைப் போய் கிளெண்டாகிட்டக் காட்டாதீங்க கெரின். கொன்னுடுவாங்க."

"காட்டத்தான் போறேன். அதுக்கு முன்னாடி பசங்ககிட்டக் காட்டணும். புதன்கிழமை ரெண்டு பாடவேளை குடு. நீயும் இருக்கணும். பதினாலு எங்க இருந்து வந்துச்சுன்னு அவங்களே தோண்டட்டும்."

"உங்க பேரு வரும்."

"வரட்டும்."

செவ்வாய்க்கிழமை இரண்டு வகுப்புகளை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதவைவிட்டு நகரவில்லை. மதியம் கிளெண்டா வந்து நின்றாள்.

"வகுப்பை வாசல்ல நிறுத்துறதுக்குப் பேரு என்ன தெரியுமா? வேலை செய்ய மறுக்கறது. நான் எழுத்துல எழுத வேண்டி வரும்."

"வேலை செய்யணும்னுதான் நிறுத்தறேன். எழுதுங்க. எனக்கும் ஒரு பிரதி குடுங்க, நூலகக் கோப்புல வைக்கணும்."

புதன்கிழமை நூலகம் சந்தைக்கடையாகக் கிடந்தது. பாதிப் பிள்ளைகளோடு டேமியன் திரைகளின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமும் இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தது என்று பின்னால் பின்னால் போனான். மீதிப் பிள்ளைகளோடு கெரின் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினாள். பிரைடி, கல்லிலிருந்த நான்கு பெயர்களைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். முக்கால் மணி நேரத்தில் ஒரு பயல் எழுந்து நின்று, "சார், எல்லாம் போய் ஒரே எடத்துல முடியுது. நம்ம பள்ளிக்கூட நூலகக் கண்காட்சின்னு போட்டிருக்கு" என்றான்.

கெரின் அட்டையை எடுத்து மேசைமேல் நிறுத்தினாள்.

"இதுதான் அது. எழுதுனது நான். ரெண்டு எண்ணையும் மாத்திப் போட்டுட்டேன். பிரைடி சொன்னதுதான் சரி."

அந்தப் பயலே கேட்டான்: "அப்ப உங்களுக்கு எத்தன மார்க் மிஸ்?"

"சைபர்" என்றாள் கெரின். வகுப்பே சிரித்தது, டேமியனும் சிரித்தான்.

அன்று மாலையே பள்ளியின் இணையப் பக்கத்தில் திருத்தம் போட்டார்கள். கீழே கெரின் ஒரு வரி சேர்த்தாள்: 'இந்தத் தவறைச் செய்தவர் கெரின் டூலி, ஆசிரியர்-நூலகர். கண்டுபிடித்தவர்கள் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்.'

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் கிளெண்டா அதை அச்செடுத்து வந்து மேசையில் போட்டாள்.

"ஊர் முழுக்க இதைத்தான் படிக்குது. தப்பு கம்ப்யூட்டரோடதுகூட இல்ல, உன்னோடது. கிளார்க்கா இருந்திருந்தா இந்த அட்டையே வந்திருக்காது. இப்ப சொல்லு, நீ எதுக்கு வேணும்?"

அந்த அறையில் எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். கெரினுக்குக் காது சுட்டது.

"தப்பு என்னுதுதான். அந்தப் பதினாலை எத்தன பக்கம் எடுத்துப் போட்டுச்சு, ஒண்ணாவது நான் தப்புன்னு வந்து சொல்லுச்சா? நான் சொன்னேன். எங்க தப்பு வந்துச்சுன்னு தேடறது எப்படின்னு இருபத்தாறு பசங்களுக்கு இப்பத் தெரியும். பன்னெண்டு வருஷம் அது தெரியாம போனதுக்குக் காரணம், நான் ஒரு ரூம்லயும் இவங்க ஒரு ரூம்லயும் இருந்ததுதான். என்னை எடுக்கறதுன்னா எடுங்க. தேவையில்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

டேமியன் தொண்டையைக் கனைத்தான். "ஒரு புள்ள கண்ணால பாத்ததைச் சொல்லுச்சு, நான் நம்பல. தனியா இருந்தா இந்த வருஷமும் நம்பியிருக்க மாட்டேன். என் வகுப்போட நூலகத்துக்கு நானும் போறேன். ஓய்வு நேரத்துக்கு வேற ஆள் பாருங்க கிளெண்டா."

"ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"நீங்களும் ஆசிரியைதானே" என்றான்.

கிளெண்டா தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு மதியம் பட்டியல் போகுது. நான் மாத்தறதா இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்குக் காய்ச்சல். பக்கத்து ஊர்வரை போன் போட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. பதினொன்றே கால் மணிக்கு, இருபது வாண்டுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு கிளெண்டாவே நூலகத்துக்கு வந்தாள். ஒரு கையில் காப்பிக் கோப்பை, மறு கக்கத்தில் கோப்பு.

"முக்கால் மணி நேரம் பாத்துக்க கெரின். இதை நான் பன்னெண்டுக்குள்ள அனுப்பியாகணும்."

கெரின் கதவில் கை வைத்து நின்றாள். கண்ணால் தாளைக் காட்டினாள்.

"விளையாடறியா? நான் தலைமையாசிரியை."

"இப்ப ரெண்டாம் வகுப்பு டீச்சர். கூட்டிட்டு வந்தவங்க உள்ள வரணும்."

"நான் அனுப்பப்போறது உன் வேலையைப் பத்தின பட்டியல். நினைவிருக்கா?"

"இருக்கு. அதனாலதான் சொல்றேன். நான் என்ன பண்றேன்னு பத்தொன்பது வருஷமா வாசல்ல நின்னு பாத்தீங்க. ஒரு தடவை உள்ள இருந்து பாத்துட்டு எழுதுங்க."

வாண்டுகள் அண்ணாந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தன. கிளெண்டா கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிள்ளைகள் இருந்ததால் விழுங்கிக்கொண்டாள். முழங்கால் அளவு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

கெரின் அவளைச் சும்மா உட்கார விடவில்லை. ஐந்து பிள்ளைகளை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். ஒரே தவளையைப் பற்றி இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்லின. எது சரி, எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் பாடம். கிளெண்டா முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு பொடிசு, "ரெண்டு புத்தகமும் பொய் சொன்னா என்ன பண்றது மிஸ்?" என்று கேட்கவும் அதன் பக்கம் குனிந்தாள். அதற்கப்புறம் கடிகாரத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வகுப்பெடுத்து எட்டு வருஷமாகிவிட்ட கை, தானாகவே பக்கங்களைப் புரட்டியது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் கோப்பைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தாள்.

"பேனா இருக்கா?"

கெரின் நீட்டினாள். கிளெண்டா 'கிளார்க்' என்றிருந்த வரியை அடித்துவிட்டு மேலே எதையோ எழுதினாள். தலைகீழாகப் பார்த்தாலும் கெரினுக்குப் படிக்க முடிந்தது: 'ஆசிரியர்-நூலகர்.'

"உன் கண்காட்சி அட்டையெல்லாம் இனிமே ரெண்டு பேர் சரிபாக்கணும்" என்றாள் கிளெண்டா, தலை நிமிராமல்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"டேமியனோட ஓய்வு நேரத்துக்கு வாரத்துல ஒரு மணி நேரம் நான் எடுக்கறேன். மத்ததுக்கு ஆள் பாக்கறேன்." எழுந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "அந்தத் தாளைக் கதவுல இருந்து எடுத்துடறியா இப்ப?"

"மாட்டேன்" என்றாள் கெரின். "அடுத்த தடவை வரும்போது காப்பியை வெளியிலயே வச்சிட்டு வாங்க."