சத்தமில்லா வரவேற்பு

கொழும்பிலிருந்து ஒருவர் பெரிய பட்டத்தோடு வந்தால், வெடி கொளுத்தித்தான் அவரைக் கல்முனைக்குள் கூட்டிவருவோம். டொக்டர் முஸ்தாக்கிற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நரம்பு அதிர்ந்தால் இதயம் எப்படித் தாளம் தப்பும் என்பதுதான் அவருடைய ஆய்வு. திடீர்ச் சத்தத்தில் துடிப்புக் குழம்பி உயிரே போகக்கூடிய பிறவிக் கோளாறை எங்கள் ஊர்க் குடும்பமொன்றில் அவர்தான் கண்டுபிடித்தார்.

அது ஹாஜறாவின் குடும்பம். மூத்தவள் ஸம்றா, போன நோன்பில் விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு வைத்த அலாரம் தலைமாட்டில் அடித்ததும் எழும்பி உட்கார்ந்தாள். அப்படியே சரிந்து மவுத்தானாள். அன்றே மய்யித்தை அடக்கினார்கள். இளையவள் நிப்லாவுக்கும் அதே கோளாறு. நெஞ்சுக்குள் வைக்கும் கருவிக்குக் கொழும்பில் பெயர் பதிந்து தருவதாக டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை தன் வரவேற்பு விழாவில் முன்வரிசையில் இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார். ஆய்வென்றால் காட்டுவதற்கு ஒன்று வேண்டாமா?

விழாக்குழுத் தலைவர் பக்கீர் முகைதீன் ஹாஜியாரிடம் போய், வெடி மட்டும் வேண்டாமென்று கெஞ்சினாள் ஹாஜறா.

“வெடியில்லாமக் கூட்டிவாறதுக்கு அவரென்ன மய்யித்தா புள்ள?”

“வெடிச்சா எங்கட ஊட்டுலதான் மய்யித்து, ஹாஜியார்.”

 ஹாஜியார் அமைதிக்கென்றே ஓர் உபகுழு போட்டு, அதற்கும் தானே தலைவரானார். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்தார்கள். கம்போடு கம்பு தட்டி ஆடும் பொல்லடிக்காரர்கள் பொல்லில்லாமல் ஆடினார்கள். கைதட்டத் தடை, விரும்பியவர்கள் கையசைக்கலாம்.

டொக்டர் முக்கால் மணிநேரம் பேசினார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுந்தான். முன்வரிசையில் நிப்லா உம்மாவின் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். அன்று காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை ஹாஜறா அப்போதுதான் விட்டாள்.

டொக்டருக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. இத்தனை அரிய ஆய்வைக் கேட்டுச் சபை தூங்குவதாவது?

“உதாரணமாக, நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த நேரம் பார்த்து...” என்றவர், மைக்குக்குப் பக்கத்தில் மேசையில் ஓங்கி அறைந்தார்.

சபை துள்ளி விழுந்தது. பிறகு சிரித்தது. தடை போட்ட ஹாஜியாரே முதலில் கைதட்ட, மண்டபம் முழுவதும் தட்டியது.

“பார்த்தீர்களா, மூளை சொன்னதை இதயம் கேட்டுவிட்டது” என்றார் டொக்டர், பின்வரிசை வரை பார்வையை ஓட்டியபடி.

ஹாஜறாவின் தோளில் நிப்லாவின் தலை பாரமாகிக்கொண்டு போனது. “மகள்” என்று அவள் கூப்பிட்டது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.