நாற்காலிக்குத் தைத்த காலுறை

முதல் கடிதம் கதவிடுக்கில் வந்து விழுந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மேல்வீட்டுத் தாத்தாவுக்கு, நான் ராத்திரி பூரா ரொட்டித் தொழிற்சாலையில அடுப்புகிட்ட நிக்கிறவ. காலைல எட்டு மணிக்குத்தான் படுப்பேன். அப்பப் பார்த்து நீங்க நாற்காலிய தரதரன்னு இழுக்குறீங்க. துடைப்பக்கட்டையால சீலிங்கைத் தட்டித் தட்டி என் கையே ஓஞ்சு போச்சு. கொஞ்சம் தயவு பண்ணுங்க. இப்படிக்கு, கீழ்வீடு."

யாருக்கு யார் தாத்தா? எழுபத்தெட்டெல்லாம் ஒரு வயதா? தையல்கடையில் ஐம்பது வருடம் உட்கார்ந்தவன் நான். உடனே எழுதினேன்: "என் வீடு, என் நாற்காலி. ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால்தான் ஊசிக்காது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு தடவை தாத்தா என்றால் மேஜையையும் சேர்த்து இழுப்பேன்."

அடுத்த கடிதம் 'மேல்வீட்டு இளைஞருக்கு' என்று தொடங்கியது. தாளெல்லாம் மாவு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இப்படித்தான் பழகினோம், முகம் பார்க்காமலே. அவள் வேலைக்குக் கிளம்பும்போது என் கதவிடுக்கில் ஒன்று போடுவாள். விடிந்ததும் நான் இறங்கிப்போய் அவள் கதவிடுக்கில் ஒன்று போடுவேன். கல்யாணம் கல்யாணம் என்று அம்மா உயிரை வாங்குவதை அவள் எழுதுவாள். ஞாயிறு தவறாமல் போன் செய்து, மாத்திரை போட்டீங்களா என்று மட்டும் கேட்டு வைத்துவிடும் என் மகனைப் பற்றி நான் எழுதுவேன். அவனிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "தூக்கக் கலக்கத்துல சூடான தட்டைத் தொட்டுட்டேன். பெருசா ஒண்ணும் இல்ல."

எனக்குப் பகீரென்றது. பாவி, அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவன் நான்தானே! அன்றே கெட்டிக் கம்பளித் துணியில் நாற்காலிக்கு நாலு காலுறை தைத்தேன். எலாஸ்டிக் வைத்து, மூன்று தையல் போட்டு, இறுக்கமாக. அதன்பிறகு நாற்காலி பூனை மாதிரி நடந்தது. "மகராசனா இருங்க, இளைஞரே" என்று எழுதினாள்.

இருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரை. கீழே விழுந்த நூல்கண்டை எடுக்கக் குனிந்தவன் அப்படியே சரிந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. கத்தினால் காற்றுதான் வந்தது. போன் மேஜைமேல். மகன் கூப்பிட ஞாயிறு வரவேண்டும். அதுவரை தாங்கமாட்டேன் என்று தெரிந்தது. பயந்துவிட்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம்?

கைக்கு எட்டியது நாற்காலிக்கால்தான். இழுத்தேன். சத்தமே இல்லை. இன்னும் பலமாக இழுத்தேன். ம்ஹூம். என் கையால் தைத்ததை நானே திட்டினேன். எந்த மடையன்டா இதற்கு மூன்று தையல் போட்டது? நகத்தால் பிய்த்து, பல்லால் கடித்து, ஒரே ஒரு காலுறையைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விட்டு வந்தது. பிறகு அந்தக் காலைத் தரையில் தேய்த்தேன். கர்ர்ரென்று கேட்டது. ஆகா, என்ன இனிமை!

பகலில் நான் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவு திறந்தது. தரையில் கிடந்தவன் முதலில் பார்த்தது செருப்பில்லாத இரண்டு கால்களை.

"ஐயோ, நீங்கதானா இளைஞர்?" என்று அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூக்கத்த கெடுத்துட்டேனாம்மா?" என்றேன்.

"வாய மூடுங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். வீடு திரும்பிய அன்று நாற்காலியைப் பார்த்தால் மீதி மூன்று காலுறையையும் காணோம். இருக்கைமேல் மாவு படிந்த ஒரு தாள்.

"ரொட்டிக் கத்தியாலதான் அறுக்க முடிஞ்சது, என்ன தையலோ! இனிமே தினமும் எட்டு மணிக்கு நாற்காலிய இழுக்கணும். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மறுநாள் எட்டு மணிக்கு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியைத் தரதரவென்று இழுத்தேன்.

கீழேயிருந்து துடைப்பக்கட்டை இரண்டு தட்டுத் தட்டியது.